அப்பாசாமியும் கன்னிசாமியும்

2022 ஜூன் முதல் நவம்பர் பாதி வரை நானும் அப்பாவும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது மொத்தம் நான்கே வார்த்தைகள். 'கேஸ் தீர்ந்து போச்சு' என்று அவர் சொன்னது மூன்று. 'ம்' என்று நான் சொன்னது ஒன்று. மற்ற போக்குவரத்தெல்லாம் அம்மா வழியாகத்தான்.

ஒரே ஹாலில் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்போம். "உன் பையன்கிட்ட சொல்லு, பேப்பரைப் படிச்சா மடிச்சு வைக்கணும்னு." "அப்பாகிட்ட சொல்லும்மா, நான் இன்னும் படிச்சு முடிக்கலைன்னு." அம்மா அந்தக் காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி அடுப்படியிலிருந்தே இரண்டு பக்கமும் கனெக்‌ஷன் கொடுத்துக்கொண்டிருப்பாள். சில நாள் கோபம் வந்து லைனைக் கட் செய்துவிடுவாள். அன்றைக்கு வீடு நிசப்தமாக இருக்கும்.

விஷயம் இதுதான். நான் பி.காம். ஒன்பது வருஷம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினேன். ஒரு நாள் ராஜினாமா கடிதத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு, 'இனிமே பத்திரிகைக்கு எழுதப் போறேன்' என்று வீட்டில் வந்து நின்றேன். அப்பா மில்லில் அக்கவுன்ட்ஸ் பார்த்து ரிட்டயர் ஆனவர். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், கீழே இரண்டும் ஒன்றாக வரவேண்டும் என்பதைத் தவிர உலகத்தில் வேறு தத்துவம் இல்லை என்று நம்புகிறவர். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னார்: "வேலையை விட்டுட்டு வேலை தேடறவனைப் பார்த்திருக்கேன். வேலையை விட்டுட்டு பேனா தேடறவனை இப்பத்தான் பார்க்கறேன்."

அக்டோபர் கடைசியில் அம்மா என்னை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டாள். ரகசியம் என்றால் எங்கள் வீட்டில் மொட்டை மாடிதான்.

"அப்பாவுக்கு இது பதினெட்டாவது மலை. ரெண்டு வருஷம் கொரோனாவில போச்சு. இந்த வருஷம் பெரிய பாதையிலதான் போவேன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறாரு. 64 வயசு, சுகர் வேற. நீ கூடப் போ. எரிமேலி வரைக்கும் போய், எப்படியாவது பேசி பஸ் ஏத்தி பம்பைக்குக் கூட்டிட்டுப் போயிடு."

"பேசியா? நானா? அவர்கிட்டயா?"

"மாலை போட்டா பேசித்தானே ஆகணும்" என்றாள் அம்மா. அவள் கணக்கு எனக்கு அப்போது புரியவில்லை.

சபரிமலைக்குப் பெரிய பாதை, சின்னப் பாதை என்று இரண்டு உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சின்னப் பாதை என்றால் பம்பை வரை வண்டி, அங்கிருந்து சன்னிதானம் வரை சுமார் 5 கிலோமீட்டர் ஏற்றம். பெரிய பாதை என்றால் எரிமேலியில் ஆரம்பித்து, காட்டுக்குள் அழுதை, கரிமலை எல்லாம் ஏறி இறங்கிப் பம்பையைச் சேர்வது. எத்தனை கிலோமீட்டர்? அங்கேதான் சிக்கல். ஒரு குருசாமி 45 என்பார், அடுத்தவர் 51 என்பார், மூன்றாமவர் 60-க்குக் குறையமாட்டார். ஒன்பது வருஷம் கணக்கு எழுதிய எனக்கு இந்த ஒரு கணக்கு மட்டும் இன்றுவரை டாலி ஆகவில்லை.

கார்த்திகை முதல் தேதி, நவம்பர் 17, விடியற்காலை பிள்ளையார் கோயிலில் மாலை போட நின்றோம். எங்கள் கோஷ்டியின் குருசாமிக்கு எழுபதைத் தாண்டிய வயசு. எனக்குப் போட வேண்டிய துளசி மாலையைக் கையில் எடுத்தவர், என்ன தோன்றியதோ, அப்பாவிடம் நீட்டினார். "உங்க பையன்தானே? நீங்களே போட்டு விடுங்க."

இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு வேறு வழியில்லை. எனக்கும் குனிவதைத் தவிர வேறு வழியில்லை. மாலையைப் போட்டார். காலில் விழுந்தேன். எழுந்ததும் என் முகத்தைப் பார்க்காமல், சுவரில் இருந்த விளக்கைப் பார்த்துச் சொன்னார்:

"சாமி சரணம்... சாமி."

ஐந்தரை மாதத்துக்கப்புறம் அப்பா என்னைக் கூப்பிட்ட முதல் வார்த்தை 'சாமி'!

மாலை போட்டால் பெரியவர், சின்னவர், முதலாளி, தொழிலாளி எல்லாரும் எல்லாருக்கும் சாமி. ஆபீசுக்குப் போகிறவர்களுக்கு இதில் ஒரு தனி சுகம் உண்டு. பதினோரு மாதம் 'யோவ்' என்கிற மேனேஜர், அந்த ஒரு மாதம் 'வாங்க சாமி, லீவா சாமி' என்பார். எனக்கு மேனேஜர் இல்லாததால் அந்தப் பாக்கியம் அப்பா மூலமாகக் கிடைத்தது. "சாமி, தண்ணி காஞ்சிருக்கு" என்பார். (காயாது. விரதத்தில் பச்சைத் தண்ணீர்தான். பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்.) "சாமி, பேப்பர் படிச்சிட்டீங்களா?" என்று நானும் கேட்பேன். அம்மா அடுப்படியில் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். எக்ஸ்சேஞ்சுக்கு 48 நாள் விடுமுறை.

ஜனவரி 3-ம் தேதி ராத்திரி இருமுடி கட்டி வேனில் கிளம்பினோம். முன்முடியில் நெய்த்தேங்காயும் பூஜை சாமான்களும், பின்முடியில் நம் சாப்பாட்டுச் சாமான்களும். பதினெட்டாவது வருஷக்காரர் என்பதால் அப்பாவுக்குக் கூடுதலாக ஒரு தென்னங்கன்று. அதைக் கொண்டுபோய் சன்னிதானத்தில் வைக்க வேண்டும். குமுளி, குட்டிக்கானம், முண்டக்கயம் என்று வளைந்து வளைந்து எரிமேலி போய்ச் சேர்ந்தபோது இன்னும் விடியவில்லை.

எரிமேலியில் பேட்டை துள்ளல். உடம்பெல்லாம் கலர் பொடி பூசி, மரக் கத்தி, இலைதழைகளோடு ஆடிக்கொண்டே வாவர் பள்ளிவாசலுக்குப் போய்ச் சுற்றி வணங்கி, பிறகு பெரிய அம்பலத்துக்குப் போக வேண்டும். ஐயப்பனின் தோழரான வாவரைப் பார்த்துவிட்டு மலை ஏறுவது வழக்கம். என் அக்கா கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் உயிரைக் கொடுத்து வாசித்தும் விரலால்கூடத் தாளம் போடாத மனிதர் என் அப்பா. அவர் மூக்கில் சிவப்பு, கன்னத்தில் நீலம் பூசிக்கொண்டு 'சாமி திந்தகத்தோம்' என்று குதித்த காட்சியை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். கன்னிசாமி நானோ கூச்சத்தில் கையை மட்டும் ஆட்டிக்கொண்டு நடந்தேன்.

குளித்துவிட்டு வந்ததும் அம்மாவின் திட்டத்தை ஆரம்பித்தேன்.

"சாமி, கோஷ்டியில ஒன்பது பேர் வேன்லதான் போறாங்க. நாமளும்..."

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "சாமிக்கு முடியாதுன்னா வேன்ல போங்க. தப்பில்லை. உங்களைப் பத்திரமா கூட்டிட்டு வரணும்னு சாமியோட அம்மா என்கிட்ட சொல்லித்தான் அனுப்பினாங்க."

அம்மா அவரையும் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டிருக்கிறாள்!

ஐந்து பேர் நடந்தோம். பேரூர்த் தோடு தாண்டினால் ஐயப்பனின் பூங்காவனம் என்பார்கள். முதல் இரண்டு மணி நேரம் நான்தான் முன்னால். '33 வயசு, பீடி சிகரெட் கிடையாது, நமக்கென்ன' என்று ஒரு நினைப்பு. காளைகட்டியில் அப்பா என்னைப் பிடித்துவிட்டார். அழுதையில் குளித்து, ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து முடிந்துகொண்டோம். வனத்துறை ஆட்கள், 'இருட்டறதுக்குள்ள போய்ச் சேருங்க, யானை வர்ற இடம்' என்று விரட்டினார்கள். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் போகிற வழி. அங்கே நாம்தான் விருந்தாளி.

அதற்கப்புறம் அழுதை மேடு.

அதைப்பற்றி என்னத்தைச் சொல்ல! செங்குத்து என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதை நிமிர்த்தி வைத்தால் அழுதை மேடு. பத்தடிக்கு ஒரு தரம் நின்றேன். பிறகு ஐந்தடிக்கு. பிறகு ஒரு வேரில் உட்கார்ந்தேன், எழுந்திருக்கவில்லை. தலையில் இருமுடி, தொண்டையில் உயிர். ஒன்பது வருஷம் ஏ.சி. ரூமில் நாற்காலியைத் தேய்த்ததற்கான மொத்த பில்லும் அங்கே வந்தது. ஆந்திராவிலிருந்து வந்த ஒரு பாட்டி என்னைத் தாண்டிப் போகும்போது பரிதாபமாகப் பார்த்தாள்.

அப்பா மேலேயிருந்து இறங்கி வந்தார். ஏறின மேட்டை யாராவது இறங்குவார்களா? இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குளுகோஸ் பாக்கெட்டைப் பிரித்து என் உள்ளங்கையில் கொட்டினார்.

"மேல பார்க்காதீங்க சாமி. காலடியைப் பாருங்க. அடுத்த அடி எங்க வைக்கிறதுன்னு மட்டும் பாருங்க."

நான் சைக்கிள் கற்றுக்கொண்டபோது இதே மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? 'எருமை, நேரா பாருடா!'

கல்லிடும் குன்றில் அழுதையில் எடுத்த கல்லைப் போட்டோம். மகிஷியின் உடம்பைக் கல் போட்டு மூடிய இடம் என்று ஐதீகம். நான் என் கல்லோடு என் உடம்பையும் போட்டுவிட்டு வந்திருப்பேன், அப்பா விடவில்லை. இஞ்சிப்பாறைக்கோட்டை தாண்டி முக்குழி போய்ச் சேர்ந்தபோது நன்றாக மசங்கிவிட்டது.

அங்கே 'விரி' என்று ஒரு தார்ப்பாய்க் கொட்டகை. தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு படுக்க இடம் கொடுப்பார்கள். கஞ்சியும் பயறும் சாப்பிட்டோம். வெளியே நெருப்பு மூட்டியிருந்தார்கள். காட்டில் எங்கோ மரம் முறியும் சத்தம் கேட்டது. "யானை" என்றார் பக்கத்திலிருந்த மலையாளி சாமி, 'பஸ்' என்கிற மாதிரி சாதாரணமாக. தூக்கம் எங்கே வரும்?

அப்பா இருட்டில் கேட்டார்: "சாமிக்கு மாசம் எவ்வளவு வருது?"

வீட்டில் அம்மாவிடம் ஒரு தொகை சொல்லி வைத்திருந்தேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். மாலை கழுத்தில் உறுத்தியது. விரதத்தில் பொய் சொல்லக்கூடாது.

"போன மாசம் ஆறாயிரத்து ஐந்நூறு சாமி. அதுக்கு முந்தின மாசம் ஒண்ணும் வரலை."

"ம்."

"சேமிப்பு இன்னும் எட்டு மாசம் தாங்கும்."

"எழுதி வெச்சிருக்கீங்களா?"

"தனி நோட்டு போட்டு வெச்சிருக்கேன்."

"நல்லது" என்றார். பிறகு ரொம்ப நேரம் சத்தமில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"சாமி தினம் காலைல ஒன்பதரைக்குப் பையை மாட்டிக்கிட்டு எங்க போறீங்க?"

"லைப்ரரிக்கு. வீட்ல எழுத ஓடலை."

"லைப்ரரிக்குத்தானா?"

"சத்தியமா லைப்ரரிக்குத்தான் சாமி. வேற எங்க போவேன்?"

அப்பா எழுந்து உட்கார்ந்தார். நெருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"2001-ல ஆள்குறைப்புன்னு என்னையும் நிறுத்திட்டாங்க. நாலு மாசம். வீட்ல சொல்லலை. உங்கம்மாவுக்கே ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரியும். தினம் ஒன்பதரைக்கு டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு தெப்பக்குளத்துக்குப் போயிடுவேன். மாரியம்மன் கோயில் எதுத்தாப்ல. அப்ப குளத்துல தண்ணி ஏது? பசங்க உள்ள இறங்கி கிரிக்கெட் ஆடுவானுங்க. நான் படில உட்கார்ந்து ஸ்கோர் எழுதிக் கொடுப்பேன்."

"ஸ்கோரா?"

"சும்மா உட்கார முடியலை. பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சு அவனுங்களே நோட்டு வாங்கிக் கொடுத்துட்டானுங்க. யார் எத்தனை ரன், யார் எத்தனை பந்துன்னு தனித்தனி பேரேடு."

எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. அப்பா சாயங்காலம் வரும்போது தினமும் வறுகடலைப் பொட்டலம் வாங்கி வருவார். ஆபீசில் ஏதோ சம்பளம் ஏறியிருக்கிறது என்று நானும் அக்காவும் பேசிக்கொண்டோம். அந்தக் கடலை தெப்பக்குளத்துக் கடலை.

"அந்த வருஷம்தான் ஒருத்தர் என்னைப் பிடிச்சு இழுத்துட்டு இங்க வந்தாரு. முதல் மலை. திரும்பிப் போனதும் மறுபடி எடுத்துக்கிட்டாங்க." அப்பா கொஞ்சம் நிறுத்தினார். "சாமி காலைல பையை மாட்டும்போதெல்லாம், எந்தப் படில போய் உட்காரப் போறாரோன்னு இருந்துச்சு. கேட்கத் தைரியம் வரலை."

ஐந்தரை மாதம் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இதுதானா என்று இருந்தது. ஏதாவது சொல்லியிருக்கலாம். "கம்பளியைப் போர்த்திக்கங்க சாமி, பனி இறங்குது" என்றுதான் வந்தது.

மறுநாள் கரிமலை. அதன் பெயரைச் சொன்னாலே பழைய சாமிகள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அடுக்கடுக்காக ஏற்றம். ஓர் அடுக்கு முடிந்தது என்று நிமிர்ந்தால் அடுத்தது நிற்கும். ஆனால் எனக்கு அழுதை மேட்டுப் பாடம் கைகொடுத்தது. அடுத்த அடியை மட்டும் பார்த்தேன். மேலே போய்ச் சேர்ந்தேன். ஒருவரும் என்னைத் தூக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஏறுவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். இறக்கம் அதற்கு அண்ணன். முழங்காலைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடும். அப்பா எனக்கு முன்னால் தென்னங்கன்றை மார்போடு அணைத்தபடி இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு பாறையில் அவர் மிதித்துப் போன இடத்தில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. குங்குமம் என்று நினைத்தேன். அடுத்த பாறையிலும் இருந்தது. அதற்கடுத்த பாறையிலும்.

"சாமி, நில்லுங்க!"

வலது உள்ளங்காலில் கூர்மையான கல் ஒன்று ஏறி இருந்தது. ரத்தம் குதிகால் வரை வழிந்திருந்தது. அப்பா குனிந்து பார்த்து, "அட, எப்ப குத்துச்சு?" என்றார் ஆச்சரியமாக. நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. வருஷக்கணக்கான சுகர், பாதத்தில் உணர்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டிருந்தது. எவ்வளவு தூரம் அந்தக் கல்லோடு நடந்தாரோ! சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் புண் என்றால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எங்கள் தெருவிலேயே ஒருவரைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கை நடுங்கியது.

தண்ணீர் ஊற்றிக் கழுவி, என் கறுப்புத் துண்டைக் கிழித்துக் கட்டினேன். பிறகு என் தோள்பையின் அடியிலிருந்து அம்மா வைத்து அனுப்பியிருந்த சமாசாரத்தை எடுத்தேன். அப்பாவின் ரப்பர் செருப்பு.

"பதினேழு மலை வெறுங்காலோட வந்திருக்கேன்" என்றார் அப்பா.

"தெரியும் சாமி."

"பதினெட்டாவதுல போய் செருப்பா?"

பேசிப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். அசையவில்லை. கடைசியில் எனக்குக் கோபமே வந்துவிட்டது. "கன்னிசாமி சொன்னா ஐயப்பன் சொன்ன மாதிரின்னு வேன்ல நீங்கதானே சொன்னீங்க? கன்னிசாமி சொல்றேன், போடுங்க!"

வழியில் போன ஏழெட்டு சாமிகள் நின்றுவிட்டார்கள். எங்கள் குருசாமி மட்டும், "கன்னிசாமி வாக்கு சாமி, தட்டக்கூடாது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காலை நீட்டினார். நான் குனிந்து செருப்பை மாட்டிவிட்டேன்.

எழுந்ததும் தென்னங்கன்றை என்னிடம் நீட்டினார். "கொஞ்சம் பிடிங்க சாமி." வேறு யாரையும் அதுவரை தொடவிடாத கன்று. நான் முன்னால், அவர் கை என் தோள் மேல். அப்படியே பெரியானவட்டம், சிறியானவட்டம் கடந்து பம்பைக்கு இறங்கினோம். வழியில் மருத்துவ உதவி மையத்தில் ஊசி போட்டு, மருந்து வைத்து ஒழுங்காகக் கட்டினார்கள். "நல்ல வேளை, செருப்பு போட்டீங்க" என்றார் அங்கிருந்தவர். அப்பா வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

பம்பையில் செருப்பைக் கழற்றி என் பையில் போட்டுவிட்டார். அங்கே நான் வாதாடவில்லை. நீலிமலை, அப்பாச்சிமேடு எல்லாம் மெதுவாக ஏறினோம். சரங்குத்தியில் என் சரத்தைக் குத்தினேன். ஒரு வருஷம் கன்னிசாமியே வராவிட்டால் ஐயப்பனைக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று மாளிகைப்புறத்தம்மன் காத்துக்கொண்டிருக்கிறாளாம். அந்த வருஷம் அவள் கல்யாணம் தள்ளிப்போனதில் எனக்கும் பங்கு உண்டு. (அதனாலோ என்னவோ, என் கல்யாணமும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.)

பதினெட்டாம் படி ஏறியதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை. போலீஸ்காரர் பின்னாலிருந்து தூக்கிவிட்ட வேகத்தில் படியே தெரியவில்லை. கன்றைக் கொண்டுபோய் வைத்தபோது மட்டும் அப்பா அதன் குருத்தை ஒரு தரம் தடவிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது வேனில் முன் சீட்டுச் சாமி ஒருவர் அப்பாவிடம் கேட்டார்: "சாமி பையன் என்ன பண்றாரு?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஜாதகம் கொண்டுவந்த நாலு பேர் இதே கேள்வியைக் கேட்டு, பதில் வராததால் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்பா கொஞ்சம் யோசித்தார்.

"கணக்கு எழுதிக்கிட்டிருந்தான். இப்ப கதை, கட்டுரைன்னு எழுதறான். நான் பார்த்த பேலன்ஸ் ஷீட்ல பாதி கதைதான். ரெண்டும் ஒண்ணுதான் சாமி."

வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றினோம். அம்மா முதலில் அப்பாவின் காலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், மொட்டை மாடிப் பக்கம் கண்ணைக் காட்டினாள். 'அப்புறம்' என்று கை காட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். உடம்பில் வலிக்காத இடம் இமை மட்டும்தான்.

எவ்வளவு நேரம் தூங்கினேனோ, ஹாலிலிருந்து ஒரு சத்தம் வீட்டைத் தூக்கியது.

"டேய்! மோட்டார் போட்டா ஆஃப் பண்ணணும்னு தெரியாது? டேங்க் நிறைஞ்சு தெருவெல்லாம் ஓடுதுடா, எருமை!"

அடுப்படியில் அம்மாவின் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. ஏழு மாதத்துக்கப்புறம், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல், நேராக.

"இதோ வர்றேம்ப்பா!" என்று கத்திக்கொண்டே மோட்டார் ஸ்விட்சை நோக்கி நொண்டி நொண்டி ஓடினேன்.